அயனிப் பிணைப்பா, சகப்பிணைப்பா? குழம்பாமல் படிக்க ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் வேதிப்பிணைப்பு ஒன்பதாம் வகுப்பில் ஒரு தனிப் பாடமாக வருகிறது. பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் அதே பாடம் பல மடங்கு கனத்தோடு திரும்பி வரும். ஒன்பதில் 'வேறுபாடுகள்' அட்டவணையை உருப்போட்டுத் தப்பித்தவர்கள் பதினொன்றில் மாட்டிக்கொள்வது வழக்கம். காரணம் எளிது: அந்த அட்டவணை விடைகளின் பட்டியல். கணக்கு எங்கே போட்டார்கள் என்பது அதில் இல்லை.

அதனால் இங்கே வரிசை தலைகீழ். முதலில் எலக்ட்ரானை எண்ணுவது, அடுத்து எந்தப் பிணைப்பு என்று முடிவு செய்வது (எலக்ட்ரானைக் கொடுத்தும் வாங்கியும் மின்சுமை பெற்ற அணுக்கள், அதாவது அயனிகள், ஒன்றையொன்று ஈர்த்தால் அயனிப் பிணைப்பு; எலக்ட்ரானைப் பகிர்ந்துகொண்டால் சகப்பிணைப்பு), பிறகு வரைவது. உருகுநிலை, கரைதிறன், மின்கடத்தல் எல்லாம் கடைசியில்தான். நாளுக்கு ஒரு மணி நேரம் வைத்தால் ஆறு நாளில் முடியும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் முடியாது. இது கை பழக வேண்டிய பாடம், இடைவெளி விட்டுத்தான் பழகும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தனிம வரிசை அட்டவணை. அதில் அணு எண்ணோடு எலக்ட்ரான் கவர்தன்மை மதிப்பும் (பிணைப்பில் உள்ள எலக்ட்ரானை அணு தன் பக்கம் இழுக்கும் திறன்) அச்சாகியிருக்க வேண்டும். வெறும் குறியீடும் அணு நிறையும் மட்டும் உள்ள அட்டவணை இந்தப் பாடத்துக்குப் பாதிதான் உதவும். கவர்தன்மையில் பாலிங் அளவுகோல் மதிப்பையே பாருங்கள். வேறு அளவுகோல்களும் உண்டு, எண்களைக் கலந்தால் கழித்தல் கணக்கு தப்பாகும்.

40 பக்க நோட்டு ஒன்று, இரண்டு நிறப் பேனா. இரண்டு நிறம் அழகுக்கு அல்ல. எந்த எலக்ட்ரான் எந்த அணுவிலிருந்து வந்தது என்று தெரியாமல் போவதுதான் புள்ளிப் படங்களில் (வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைத்து வரைபவை) நடக்கும் முதல் விபத்து.

இணையத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இலங்கைப் பாடநூல்களில் எலக்ட்ரானை இலத்திரன் என்பார்கள். அயனி அங்கே அயன், சகப்பிணைப்பு பங்கீட்டுவலுப் பிணைப்பு, எலக்ட்ரான் கவர்தன்மை மின்னெதிர்த்தன்மை, தனிம வரிசை அட்டவணை ஆவர்த்தன அட்டவணை. விஷயம் ஒன்றுதான். ஆனால் விடைத்தாளில் உங்கள் பாடநூலின் சொல்லையே எழுதுங்கள்.

2. முதல் 20 தனிமங்களுக்கும் எலக்ட்ரான் அமைப்பு எழுதுங்கள் (முதல் நாள்)

பார்த்து எழுதக் கூடாது, போட்டு எழுத வேண்டும். எண்கள், அணுக்கருவைச் சுற்றியுள்ள கூடுகளில் உள்ளிருந்து வெளியே வரிசையாக இருக்கும் எலக்ட்ரான்கள். ஹைட்ரஜன் 1. கார்பன் 2, 4. நைட்ரஜன் 2, 5. ஆக்சிஜன் 2, 6. சோடியம் 2, 8, 1. மெக்னீசியம் 2, 8, 2. அலுமினியம் 2, 8, 3. குளோரின் 2, 8, 7. இப்படி 20 வரை.

தடுக்கி விழும் இடம் பொட்டாசியம். அணு எண் 19. பலர் 2, 8, 9 என்று எழுதுவார்கள். மூன்றாவது கூட்டில் 18 எலக்ட்ரான் வரை இருக்கலாம் என்று படித்ததுதான் இந்தத் தவறுக்குக் காரணம். இருக்கலாம், ஆனால் இங்கே அப்படி நிரம்பாது. மூன்றாவது கூட்டில் 8 வந்ததும் அடுத்த இரண்டு எலக்ட்ரான்கள் நான்காவது கூட்டுக்குப் போகும். பொட்டாசியம் 2, 8, 8, 1. கால்சியம் 2, 8, 8, 2. பள்ளி அளவில் 20-க்கு மேல் இந்த எளிய முறையை இழுக்காதீர்கள்; இரும்பு, செம்பு இதற்கு அடங்காது.

ஒவ்வொரு வரியின் கடைசி எண்ணையும் வட்டமிடுங்கள். அதுதான் இணைதிறன் எலக்ட்ரான். பிணைப்பில் வேலை செய்வது அது மட்டுமே. இதை 15 நிமிடத்தில் பிழையில்லாமல் எழுத முடிகிற வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

3. எந்தப் பிணைப்பு என்று முடிவு செய்யுங்கள் (இரண்டாம் நாள்)

சேர்மத்தின் பெயரைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதில் உலோகம் இருக்கிறதா? உலோகமும் அலோகமும் என்றால் பெரும்பாலும் அயனிப் பிணைப்பு. இரண்டுமே அலோகம் என்றால் சகப்பிணைப்பு. பத்துக்கு எட்டு கேள்விகளை இதுவே தீர்த்துவிடும்.

மீதி இரண்டுக்குத்தான் கவர்தன்மை. இரண்டு தனிமங்களின் மதிப்பையும் கழியுங்கள். சோடியம் 0.93, குளோரின் 3.16, வித்தியாசம் 2.23, அயனி. கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20, வித்தியாசம் 0.35, சகப்பிணைப்பு. ஹைட்ரஜனும் குளோரினும் என்றால் 0.96, எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கின்றன, ஆனால் குளோரின் பக்கம் சற்று இழுபடும். இதுதான் முனைவுள்ள சகப்பிணைப்பு. நீரில் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 1.24, அதுவும் இதே ரகம்.

1.7-ஐத் தாண்டினால் அயனி என்று எல்லைக்கோடு போடுவது வழக்கம். பயன்படுத்துங்கள், ஆனால் சட்டமாக நம்பாதீர்கள். ஹைட்ரஜன் ஃபுளோரைடில் வித்தியாசம் 1.78, கோட்டைத் தாண்டிவிட்டது, ஆனாலும் அது சகப்பிணைப்புச் சேர்மம். லித்தியம் அயோடைடில் 1.68, கோட்டுக்கு உள்ளே இருந்தும் அயனிச் சேர்மம்தான். அயனி ஒரு ஊர், சகப்பிணைப்பு இன்னொரு ஊர் என்று நினைக்காதீர்கள். ஒரே சாலையின் இரு முனைகள் அவை. நடுவில் நிற்கும் சேர்மங்களும் உண்டு.

பொறிகள் மூன்று. முதலாவது, அலுமினியம் குளோரைடு. உலோகமும் அலோகமும்தான், ஆனால் வித்தியாசம் 1.55. சூடாக்கினால் 180 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகாமல் நேராக ஆவியாகிவிடும். சோடியம் குளோரைடு இப்படிச் செய்யாது. அலுமினியத்தின் அயனி மிகச் சிறியது, மின்சுமையோ மூன்று. குளோரினின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்துப் பகிர வைத்துவிடுகிறது. பெரிலியம் குளோரைடும் இதே கதை.

இரண்டாவது, அம்மோனியம் குளோரைடு. உலோகமே இல்லை, ஆனால் அயனிச் சேர்மம். நான்கு ஹைட்ரஜனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த குழு மொத்தமாக ஒரு நேர்மின் அயனியாக நிற்கிறது.

மூன்றாவது, ஒரே சேர்மத்தில் இரண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு, கால்சியம் கார்பனேட், சோடியம் நைட்ரேட் எல்லாம் இந்த வகை. ஹைட்ராக்சைடு குழுவுக்குள் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சகப்பிணைப்பில் இருக்கும்; அந்தக் குழுவுக்கும் சோடியத்துக்கும் இடையில் அயனிப் பிணைப்பு. 'எவ்வகைப் பிணைப்பு?' என்று கேட்டால் இரண்டையும் எழுதினால்தான் முழு மதிப்பெண்.

4. அயனிச் சேர்மத்தை எழுதும் முறை (மூன்றாம் நாள்)

மெக்னீசியம் குளோரைடை எடுத்துக்கொள்வோம். மெக்னீசியம் 2, 8, 2. இரண்டைக் கொடுத்தால் வெளிக்கூடு காலியாகி, உள்ளே நிறைந்த 8 வெளியே தெரியும்; வெளிக்கூட்டில் எட்டு இருப்பதுதான் நிலையான அமைப்பு. குளோரின் 2, 8, 7; அதற்குத் தேவை ஒன்றுதான். கொடுப்பவரிடம் இரண்டு, வாங்குபவருக்கு ஒன்று. ஆகவே இரண்டு குளோரின் வேண்டும். வாய்பாடு அங்கேயே வந்துவிட்டது: மெக்னீசியம் ஒன்று, குளோரின் இரண்டு.

மின்சுமை எழுதும்போது தடுமாறினால் ஒரு கழித்தல் போடுங்கள். மெக்னீசியத்தில் புரோட்டான் 12, கொடுத்த பின் எலக்ட்ரான் 10; 12 கழித்தல் 10, மின்சுமை 2+. குளோரினில் புரோட்டான் 17, வாங்கிய பின் எலக்ட்ரான் 18. மின்சுமை ஒன்று குறை. 'கொடுத்தால் குறையும், அப்படியானால் மைனஸ்' என்று மனம் சொல்லும், கேட்காதீர்கள். குறைவது எதிர்மின் துகள், எனவே மிஞ்சுவது நேர்மின்சுமை.

எண்கள் நேராகப் பொருந்தாத இடத்தில் மின்சுமைகளைக் குறுக்காக மாற்றிக் கீழெண்ணாக எழுதுங்கள். அலுமினியம் 3+, ஆக்சைடு 2−. அலுமினியத்துக்குக் கீழே 2, ஆக்சிஜனுக்குக் கீழே 3. சரிபார்ப்பு: இரண்டு அலுமினியம் கொடுப்பது 6, மூன்று ஆக்சிஜன் வாங்குவது 6. மெக்னீசியம் ஆக்சைடில் இதே முறையைப் போட்டால் இரண்டு, இரண்டு என்று வரும். சுருக்கி ஒன்று, ஒன்று ஆக்குங்கள். அயனிச் சேர்மத்தில் எளிய விகிதம்தான் வாய்பாடு.

படம் வரையும்போது: நேர்மின் அயனிக்கு வெளிக்கூடு காலி, எனவே புள்ளி வேண்டாம், சதுர அடைப்பு, மேலே மின்சுமை. குளோரைடு அயனியைச் சுற்றி 8 புள்ளிகள், அதில் ஒன்று உலோகத்தின் நிறத்தில். இரண்டுக்கும் நடுவில் கோடு போடக் கூடாது. கோடு என்றால் பகிர்ந்த இணை என்று பொருள். போட்டால் அது சகப்பிணைப்புப் படம் ஆகிவிடும்.

இனி, பாடநூல் படங்கள் பலவும் உண்டாக்கும் ஒரு தவறான எண்ணம். ஒரு சோடியமும் ஒரு குளோரினும் கைகோத்து நிற்கும் படத்தைப் பார்த்தவர்கள் 'சோடியம் குளோரைடு மூலக்கூறு' என்று எழுதிவிடுகிறார்கள். உப்புப் படிகத்தில் அப்படி ஒரு ஜோடி கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் 6 குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கும். ஒவ்வொரு குளோரைடையும் 6 சோடியம். எந்தச் சோடியம் எந்தக் குளோரினுக்குச் சொந்தம் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. மூலக்கூறு என்ற சொல்லைச் சகப்பிணைப்புக்கு வைத்துக்கொண்டு, இங்கே 'வாய்பாட்டு அலகு' என்று எழுதுங்கள்.

பதினொன்றாம் வகுப்புக்காரர்கள் இன்னொரு கணக்கையும் பார்த்துவிடலாம். 'சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது' என்று சொல்வது வகுப்பில் காதுக்கு இதமாக இருக்கும், ஆனால் உண்மை வேறு. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவு. அதைக் குளோரின் வாங்கிக்கொள்ளும்போது திரும்பி வருவது 349 கிலோஜூல்தான். கைமாற்றிய அளவில் 147 கிலோஜூல் நட்டம்! அந்த நட்டத்தை ஈடுகட்டுவது படிகக்கூடு ஆற்றல்: பிரிந்து கிடந்த அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்துப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது மோலுக்கு ஏறத்தாழ 787 கிலோஜூல் வெளிவருகிறது. ஆக, எலக்ட்ரான் இடம் மாறுவதே பிணைப்பு அல்ல. மாறிய பின் நேர், எதிர் அயனிகளுக்கிடையே நாலாபக்கமும் உண்டாகும் ஈர்ப்புதான் பிணைப்பு. வரையறை எழுதும்போது 'நிலைமின் கவர்ச்சி விசை' என்ற சொல்லை விட்டுவிட்டால் மதிப்பெண் போகும் காரணம் இதுதான்.

5. சகப்பிணைப்புச் சேர்மத்தை வரையும் முறை (நான்காம், ஐந்தாம் நாள்)

அதிக நேரம் கேட்கும் படி இதுதான். புள்ளிகளைக் கண்ணளவில் வைத்துப் பார்த்து, எட்டு வருகிறதா என்று அழித்து அழித்து வரைபவர்கள் எளிய மூலக்கூறுகளில் பிழைப்பார்கள். கார்பன் டைஆக்சைடில் சிக்குவார்கள். கணக்குப் போட்டு வரையுங்கள்.

கையிருப்பு: எல்லா அணுக்களின் இணைதிறன் எலக்ட்ரான்களையும் கூட்டுங்கள்.
தேவை: ஹைட்ரஜனுக்கு 2, மற்ற ஒவ்வோர் அணுவுக்கும் 8 என்று கூட்டுங்கள்.
தேவையிலிருந்து கையிருப்பைக் கழித்து இரண்டால் வகுத்தால், மொத்தப் பிணைப்புகளின் எண்ணிக்கை.

பற்றாக்குறையைப் பகிர்ந்துதான் சமாளிக்கிறார்கள், அவ்வளவுதான் தத்துவம். ஒரு பகிர்ந்த இணை இரண்டு பக்கக் கணக்கிலும் வரவாகிறது.

கார்பன் டைஆக்சைடைப் போட்டுப் பார்ப்போம். கையிருப்பு: கார்பன் 4, ஆக்சிஜன் 6, ஆக்சிஜன் 6, மொத்தம் 16. தேவை: மூன்று அணு, 24. வித்தியாசம் 8, பாதி 4. நான்கு பிணைப்புகள். கார்பனை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஆக்சிஜனை வையுங்கள். நான்கு பிணைப்பை இரண்டு பக்கமும் பங்கிட்டால் பக்கத்துக்கு இரண்டு, அதாவது இரண்டு இரட்டைப் பிணைப்புகள். நான்கு பிணைப்புக்கு 8 எலக்ட்ரான் போக மீதி 8. அவை நான்கு தனி இணைகள், அதாவது பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகள். ஆக்சிஜனுக்கு இரண்டு வீதம் வையுங்கள். இப்போது தணிக்கை: கார்பனைச் சுற்றி நான்கு பிணைப்பு, 8 எலக்ட்ரான், சரி. ஆக்சிஜனைச் சுற்றி இரண்டு பிணைப்பின் 4, தனி இணைகளின் 4, மொத்தம் 8, சரி. படத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளையும் ஒருமுறை எண்ணுங்கள். 16 வர வேண்டும். 18 வந்தால் எங்கோ தாராளமாகப் புள்ளி வைத்திருக்கிறீர்கள்.

இந்தக் கடைசி எண்ணிக்கையை யாரும் செய்வதில்லை. ஒவ்வோர் அணுவுக்கும் எட்டு வந்ததும் பேனாவை மூடிவிடுகிறார்கள். நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு நைட்ரஜனுக்கும் நடுவில் ஒரே கோடு போட்டு, ஆளுக்கு மூன்று தனி இணை வைத்தாலும் எட்டு வந்துவிடும்! ஆனால் புள்ளிகள் 14 ஆகிவிடும், இருப்பதோ 10. சரியான கணக்கு: 16 கழித்தல் 10, பாதி 3, முப்பிணைப்பு, ஆளுக்கு ஒரு தனி இணை.

அதேபோல நீர்: தேவை 12, கையிருப்பு 8, பிணைப்பு 2, மீதி 4, ஆக்சிஜன் மேல் இரண்டு தனி இணை. அம்மோனியா: தேவை 14, கையிருப்பு 8, பிணைப்பு 3, மீதி ஒரு தனி இணை நைட்ரஜன் மேல். ஆக்சிஜன் மூலக்கூறு: 16 கழித்தல் 12, இரட்டைப் பிணைப்பு.

நடு அணுவைத் தேர்ந்தெடுக்க: எண்ணிக்கையில் ஒன்றாக இருப்பது, கவர்தன்மை குறைந்தது. ஹைட்ரஜன் நடுவில் வரவே வராது. அதற்கு ஒரு பிணைப்புக்கு மேல் தாங்காது.

மின்சுமை உள்ள குழுக்களில் கையிருப்பைத் திருத்த வேண்டும். எதிர்மின் அயனி என்றால் எலக்ட்ரான் கூட வந்திருக்கிறது, கூட்டுங்கள். நேர்மின் அயனி என்றால் கழியுங்கள். குறியைப் பார்த்து மைனஸுக்குக் கழிப்பவர்கள் வகுப்புக்கு நாலு பேர் இருப்பார்கள். கார்பனேட்: 4, 18, கூட 2, மொத்தம் 24. தேவை 32. வித்தியாசம் 8, பிணைப்பு 4: ஓர் இரட்டை, இரண்டு ஒற்றை.

இந்தக் கணக்கு எங்கே உடையும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். போரான் டிரைஃபுளோரைடில் 4 பிணைப்பு என்று சொல்லும். உண்மையில் 3, போரானைச் சுற்றி 6 எலக்ட்ரான்தான். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடுக்கும் 4 என்று சொல்லும். பாஸ்பரஸைச் சுற்றி 5 குளோரின் இருக்கிறது, 10 எலக்ட்ரான். சல்பர் ஹெக்சாஃபுளோரைடில் 12. நைட்ரிக் ஆக்சைடில் கையிருப்பு 11, ஒற்றைப்படை. விடை இரண்டரை என்று வரும். (வேடிக்கை என்னவென்றால், மேல்வகுப்பில் மூலக்கூறு ஆர்பிட்டால் முறையில் போட்டாலும் அதன் பிணைப்புத் தரம் 2.5தான்.) எண்ம விதி (ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்பது) பெரும்பாலும் இரண்டாம் வரிசைத் தனிமங்களுக்கான நல்ல வழிகாட்டி, எல்லார் மேலும் திணிக்கக் கூடாது.

6. ஈதல் சகப்பிணைப்பு

இதற்குத் தனி நாள் தேவையில்லை. பகிரும் இரண்டு எலக்ட்ரானையும் ஒருவரே போட்டால் அது ஈதல் சகப்பிணைப்பு. அம்மோனியாவின் தனி இணையோடு, எலக்ட்ரானே இல்லாத ஹைட்ரஜன் அயனி வந்து ஒட்டிக்கொள்வது நல்ல எடுத்துக்காட்டு. கொடுப்பவரிலிருந்து பெறுபவரை நோக்கி அம்புக்குறி. உருவான பின் அம்மோனியம் அயனியின் நான்கு பிணைப்புகளும் ஒரே மாதிரி. எது ஈதலால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. 'அது மட்டும் வலுக்குறைவு' என்று எழுதிவிடாதீர்கள்.

7. பண்புகள்: 'எது உடைகிறது?' என்று கேளுங்கள்

இப்போது அந்த வேறுபாடுகள் அட்டவணையைத் திறக்கலாம். ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது ஒரே கேள்வி: இந்த மாற்றம் நடக்கும்போது எதை உடைக்கிறோம்?

உப்பு 801 டிகிரியில் உருகுகிறது. உருக வேண்டுமானால் நாலாபக்கமும் இறுக்கிப் பிடித்திருக்கும் அயனிகளைத் தளர்த்த வேண்டும், அதாவது பிணைப்பையே அசைக்க வேண்டும். மெக்னீசியம் ஆக்சைடில் மின்சுமைகள் இரண்டிரண்டு, அயனிகளும் சிறியவை. அதனால் 2,800 டிகிரியைத் தாண்டித்தான் உருகும்.

பனிக்கட்டி 0 டிகிரியில் உருகுகிறது, மீத்தேன் −182 டிகிரியில். இதைப் பார்த்து 'சகப்பிணைப்பு வலுவற்றது' என்று எழுதுவதுதான் இந்தப் பாடத்தின் மிகப் பெரிய பிழை. பனி உருகும்போது ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு உடைவதில்லை. உடைந்தால் நீர் கிடைக்காது. உடைவது ஒரு மூலக்கூறுக்கும் அடுத்த மூலக்கூறுக்கும் இடையிலான ஈர்ப்பு, அதுதான் வலுக்குறைவு. நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும், ஆனால் அந்த நைட்ரஜன் −196 டிகிரியிலேயே கொதித்துவிடும். இரண்டு எண்களும் ஒரே பொருளுக்குத்தான்.

வைரமும் மணலில் உள்ள சிலிக்கன் டைஆக்சைடும் முழுக்கச் சகப்பிணைப்பு, தனி மூலக்கூறுகள் இல்லாத ஒரே வலைப்பின்னல். அங்கே உருக்குவதற்குச் சகப்பிணைப்பையே உடைத்தாக வேண்டும். மணல் உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். கேள்வியை மறக்காமல் கேட்டால் இந்த விதிவிலக்குகளைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மின்கடத்தலில் கேள்வி சற்று மாறும்: மின்சுமையைச் சுமந்துகொண்டு நகரக்கூடியது எது? திட உப்பில் அயனிகள் உண்டு, நகர இடமில்லை; கடத்தாது. உருகினாலோ கரைந்தாலோ நகரும், கடத்தும். சர்க்கரை கரைந்தாலும் மூலக்கூறாகவே கரைகிறது, கடத்தாது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு சகப்பிணைப்புச் சேர்மம், ஆனால் நீரில் கரைந்ததும் அயனிகளாகப் பிரிகிறது, கடத்தும். கிராஃபைட்டில் அயனி இல்லை, ஆனால் அடுக்குகளில் உலவும் எலக்ட்ரான்கள் உண்டு, கடத்தும்.

கரைதிறனுக்குப் பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். 'சகப்பிணைப்புச் சேர்மங்கள் நீரில் கரையாது' என்றால் சர்க்கரை போட்ட காபியே சாட்சி சொல்ல வந்துவிடும். அயனிச் சேர்மங்களிலும் கால்சியம் கார்பனேட், வெள்ளி குளோரைடு, பேரியம் சல்பேட் நீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல் உங்களைக் காப்பாற்றும்.

8. வீட்டில் செய்து பார்க்க (ஆறாம் நாள், ஒரு மணி நேரம்)

9 வோல்ட் பேட்டரி ஒன்று, சிவப்பு எல்இடி ஒன்று, 470 ஓம் மின்தடை ஒன்று, முதலைக் கிளிப் வயர் நாலு, இரண்டு முனையும் சீவிய 2பி பென்சில் இரண்டு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் எல்லாம் சேர்ந்து சுமார் 100 ரூபாய் ஆகும். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில். கடையில் 'பேட்டரி தண்ணி' என்று மட்டும் கேட்காதீர்கள். பேட்டரி ஆசிட் கைக்கு வந்தால் ஆபத்து, அது கந்தக அமிலம். லேபிளைப் படித்து வாங்குங்கள்.

பேட்டரி, மின்தடை, எல்இடி, பென்சில், கரைசல், மறு பென்சில், மீண்டும் பேட்டரி என்று ஒரே வளையமாக இணையுங்கள். எல்இடியின் நீளக் கால் பேட்டரியின் ப்ளஸ் பக்கம். முதலில் இரண்டு பென்சில் முனைகளையும் நேராகத் தொடவைத்து விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் கோளாறு இணைப்பில், வேதியியலில் இல்லை. பிறகு அரை டம்ளர் நீரில் முனைகளை 2 செ.மீ. ஆழம், ஒன்றுக்கொன்று 2 செ.மீ. தள்ளி வையுங்கள்.

வரிசை முக்கியம்: வெறும் டிஸ்டில்டு வாட்டர், அடுத்து சர்க்கரைக் கரைசல், அடுத்து வினிகர், கடைசியில் உப்பு. உப்பை முதலில் செய்தால் பென்சிலில் ஒட்டிய உப்பே சர்க்கரைத் தண்ணீரிலும் விளக்கை எரியவைத்துவிடும். குழாய்த் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ வேண்டாம். அதில் ஏற்கெனவே அயனிகள் உண்டு.

சர்க்கரையில் விளக்கு எரியாது, அல்லது வெறும் நீரில் இருந்த மினுக்கல்தான் இருக்கும். வினிகரில் மங்கலாக எரியும். அசிட்டிக் அமிலம் சகப்பிணைப்புச் சேர்மம், அதில் சிறு பகுதியே அயனிகளாகப் பிரிகிறது. உப்பில் பளிச்சென்று எரியும். காய்ந்த கல் உப்பில் பென்சில் முனைகளை அழுத்திப் பாருங்கள், எரியாது. உப்புக் கரைசலில் 10 விநாடிக்கு மேல் ஓட்ட வேண்டாம். குளோரின் வாயு சிறிதளவு வரும், ஜன்னல் திறந்திருக்கட்டும். பென்சிலுக்குப் பதில் செம்புக் கம்பியை நுழைத்தால் கம்பியே கரைந்து, கரைசல் பச்சையும் நீலமுமாகக் கலங்கும். வீட்டு மின்சார பிளக்கில் இதை எந்தக் காரணம் கொண்டும் செய்யக் கூடாது.

உருகுநிலைக்கு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, பழைய ஸ்டீல் கரண்டியில் மெழுகு, சர்க்கரை, உப்பு மூன்றையும் தனித்தனியாக மெழுகுவத்திச் சுடரில் காட்டுங்கள். மெழுகு சில விநாடிகளில் உருகும். சர்க்கரை உருகிப் பழுப்பாகும்; அந்தப் பழுப்பு உருகியதன் அடையாளம் அல்ல, சிதைந்ததன் அடையாளம். உப்பு உருகாது, வெடிக்கும். திருஷ்டி கழித்து அடுப்பில் போட்டால் படபடவென்று பொரியுமே, அதே சத்தம்தான். படிகத்துக்குள் சிக்கிய நீர் ஆவியாகி உடைத்துக்கொண்டு வருகிறது. கற்பூரத்தைச் சூடாக்கவே வேண்டாம். டப்பாவைத் திறந்துவைத்தால் சில நாளில் தேய்ந்துபோயிருக்கும். மூலக்கூறுகளுக்கிடையிலான பிடி எவ்வளவு தளர்வு என்பதற்கு அதைவிட மலிவான சோதனை இல்லை.

கல் உப்பு ஒன்றை ஆணியால் தட்டிப் பாருங்கள். நசுங்காது, தட்டையான முகங்களோடு பிளக்கும். ஒரு வரிசை நகர்ந்ததும் ஒரே மின்சுமை உள்ள அயனிகள் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன.

9. தேர்வுக்கு முந்தைய நாள், அரை மணி நேரம்

புத்தகத்தை மூடிவிட்டு இந்த எட்டுக்கும் பிணைப்பு வகையும் படமும் எழுதுங்கள்: கால்சியம் ஃபுளோரைடு, ஹைட்ரஜன் சல்பைடு, பொட்டாசியம் ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஜன், அம்மோனியம் குளோரைடு, கார்பன் டைஆக்சைடு, சோடியம் ஹைட்ராக்சைடு. ஒன்றுக்கு மூன்று நிமிடம். பிறகு சிவப்புப் பேனாவால் நீங்களே திருத்துங்கள். அயனிக்கு மின்சுமை போட்டீர்களா, ஹைட்ரஜன் சல்பைடில் கந்தகத்தின் மேல் இரண்டு தனி இணைகள் உண்டா, பொட்டாசியம் இரண்டு வந்ததா, அம்மோனியத்துக்குள் அம்புக்குறி இருக்கிறதா. தனி இணைகளை விட்டுவிடுவதுதான் இதில் அதிகம் நடக்கும். பிணைப்புக் கோடு சரியாக இருந்தாலும் புள்ளி விடுபட்டால் படம் தவறுதான்.